புதிய பாடப்பிரிவுகளா, ஏற்கெனவே படிப்பவர்களா?

இல்லினாய் மாநிலத்திலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்புடன் ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்த அவர், இரண்டு குழந்தைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, தம் 36ஆம் வயதில் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்புகள் தரும் ‘கம்யூனிட்டி காலேஜ்’) சேர்ந்து, மாலை வகுப்புகளிலேயே கணக்குப்பதிவியல் படித்து முடித்தார். இரண்டாண்டுப் படிப்பை முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. இப்போது அதே கல்லூரி தன் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, அதன்மீது கருத்துச் சொல்லும் குழுவில் அவரையும் அமர்த்தியிருக்கிறது. டென்டல் ஹைஜீன் (பல் சுத்தப் பராமரிப்பு), சுவாச சிகிச்சை, சைபர் பாதுகாப்பு என மூன்று புதிய பாடப்பிரிவுகள். பன்னிரண்டு வாரச் சான்றிதழ்ப் படிப்புகள் சில. “மாணவர் வெற்றி மையம்” என்ற பெயரில் ஒரு புதிய கட்டடம். மூன்றாண்டுகளாக மாணவர் எண்ணிக்கை கூடிவருகிறது என்ற பெருமிதம் ஆகியவை வரைவில் உள்ளன. “படித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. குழுவில் மற்றவர்கள் நிறுவன மேலாளர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும். நான் ஒரு சாதாரணக் கணக்காளர். நான் எதைக் கேட்க வேண்டும்? புதிய பாடப்பிரிவுகளுக்குச் செலவிடச் சொல்வதா, ஏற்கெனவே படிப்பவர்களுக்கான உதவிகளுக்குச் செலவிடச் சொல்வதா?” என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பாடப்பிரிவா, உதவியா என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவினையை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வரைவாகத்தான் இருக்க வேண்டும். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. முன்பகுதியில் புதிய பாடப்பிரிவுகள் வரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்கும். பின்பகுதியில் மாணவர் ஆதரவு வரும், அங்கே தொகை இருக்காது, “வலுப்படுத்தப்படும்”, “மேம்படுத்தப்படும்” என்ற வினைமுற்றுகள் மட்டும் இருக்கும். நான் இத்தகைய கல்லூரிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல், முதலில் மாணவர் சேவைப் பிரிவிலும் பிறகு புள்ளிவிவர அலுவலகத்திலும் பணியாற்றியவன். அந்தப் பின்பகுதிகளில் சிலவற்றை எழுதியவனும் நானே. ஆகையால் என் ஆலோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய பாடப்பிரிவுகளை எதிர்க்காதீர்கள். ஆனால் ஒவ்வொரு பாடப்பிரிவின் செலவுக் கணக்கிலும், அதில் சேரும் மாணவர் படிப்பை முடிக்கும்வரை அவருக்குத் துணைநிற்கும் செலவும் சேர்க்கப்படும்வரை, எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள்.

“சாதாரணக் கணக்காளர்” என்று எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி அமர்கிறவர்களில் கல்லூரியின் மாலை வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும் தெரிந்தவர். அதோடு, உங்கள் மாநிலத்தில் இக்கல்லூரிகள் உள்ளூர்ச் சொத்துவரி, மாநில நிதி, மாணவர் கட்டணம் ஆகிய மூன்றையும் நம்பி நடப்பவை. சிகாகோவைத் தவிர்த்த பிற மாவட்டங்களில் அவற்றை ஆளும் ஏழு டிரஸ்டிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டின் மிகப் பழைய அரசு சமுதாயக் கல்லூரி 1901இல் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களுடன் தொடங்கியதும் உங்கள் மாநிலத்தில்தான். வெளியூர் போய்ப் படிக்க இயலாத பிள்ளைகளுக்காக ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி அதைத் தொடங்கினார்கள். வரி கட்டுகிற நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போகவில்லை.

வரைவில் முதலில் சோதிக்க வேண்டியது அந்தப் பெருமிதத்தை. மாணவர் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றால், கூடியவர்கள் யார் என்று கேளுங்கள். நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இன்று உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு) சேர்ப்பவர். நம்மவர் வீடுகளில் “கம்யூனிட்டி காலேஜா?” என்று முகம் சுளிப்போம், அதே வீட்டுப் பிள்ளை டூயல் கிரெடிட் வகுப்பில் அதே கல்லூரியின் கிரெடிட்டைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டிருக்கும். என் மகளும் அப்படிச் சேர்த்தவள்தான் என்பதால் நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அப்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே வழிகாட்டி உண்டு, வீட்டில் சாப்பாடு உண்டு, பள்ளிப் பேருந்து உண்டு. வளர்ச்சி முழுவதும் அவர்களால் வந்ததாக இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெரியவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்குமானால், கூடுகிறது என்று எழுதப்பட்ட அந்த ஒற்றை வரி ஒரு சரிவை மறைத்துக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ், பதினெட்டு முதல் இருபத்து நான்கு, அதற்கு மேல் என மூன்றாகப் பிரித்து, முழுநேரம், பகுதிநேரம் எனவும் பிரித்து எண்களைத் தரச் சொல்லுங்கள். புள்ளிவிவர அலுவலகத்துக்கு இது அரைநாள் வேலை.

இரண்டாவது எண், பட்டம் பெறுவோர் விகிதம். மத்திய கல்வித் துறைக்குக் கல்லூரிகள் அனுப்பும் வழக்கமான விகிதம், கல்லூரியில் முதன்முறையாகவும் முழுநேரமாகவும் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள் முடித்தார்கள் என்று பார்ப்பது. பகுதிநேரமாக ஐந்தாண்டுகள் படித்துப் பட்டம் வாங்கிய நீங்கள் அந்தப் பின்னத்தின் பகுதியிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை. கல்லூரியைப் பொறுத்தவரை நீங்கள் வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல; கணக்கிலேயே வராதவர். பகுதிநேர மாணவர்களையும் சேர்த்து எட்டு ஆண்டுகள் வரை பின்தொடரும் வேறோர் அளவீடும் அதே துறைக்கு அனுப்பப்படுகிறது. வரைவில் அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி “மாணவர் வெற்றி மையம்”. கட்டடத்துக்குக் கடன்பத்திரம் வெளியிடலாம், நன்கொடையாளர் பெயர் வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம்; மாணவருக்கு வழிகாட்டும், ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்க வேண்டிய ஆலோசகருக்கு இவை எதுவும் பொருந்தாது. அதனால்தான் கட்டடங்கள் எளிதில் எழும்புகின்றன, ஆலோசகர் பதவிகள் எளிதில் உருவாவதில்லை. குழுவில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், ஓர் ஆலோசகரின் பொறுப்பில் இன்று எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், திட்டத்தின் ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைக் கேளுங்கள்.

இந்த எண்ணின் முக்கியத்துவத்தை நியூயார்க் நகரம் காட்டியது. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகள் 2007இல் ‘அசாப்’ என்றழைக்கப்படும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலுக்கு, மற்ற உதவித்தொகைகள் போக மிஞ்சும் கட்டணத்தைக் கல்லூரி தள்ளுபடி செய்யும், பாடப்புத்தகங்களையும் நகரப் போக்குவரத்து அட்டையையும் இலவசமாகத் தரும். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம், தகுதியுள்ள 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பின்தொடர்ந்தது. மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினரும், வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் பட்டம் பெற்றிருந்தார்கள். அப்போது திட்டத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். வெளியே 600 முதல் 1,500 வரை. மூன்றாண்டுகளில் மாணவர் ஒருவருக்குக் கூடுதலாக ஏறத்தாழ 16,300 டாலர் செலவாயிற்று. இந்தத் தொகையைக் கேட்டவுடன் உங்கள் குழுவில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். அப்போது கணக்காளராகிய நீங்கள் அடுத்த வரியைப் படித்துக்காட்டலாம்: பட்டம் பெற்றவர் எண்ணிக்கை அவ்வளவு கூடியதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தே போயிற்று. பின்னர் ஒஹாயோவில் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றியபோதும் மூன்றாண்டுப் பட்ட விகிதம் இரட்டிப்பை நெருங்கியது.

ஆனால் இதை அப்படியே நகலெடுக்கச் சொல்லாதீர்கள். அத்திட்டம் முழுநேரப் படிப்பைக் கட்டாயமாக்குகிறது; உங்களைப் போல் மாலையில் மட்டும் வருகிறவருக்கு அது பொருந்தாது. படிப்பு நேரத்தைக் கூட்டி வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி ஓர் இளம் ஆலோசகர் நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனை, சிலரது வீட்டு அடுப்பையே அணைத்துவிடும். கல்லூரியில் பாதிநேரத்துக்குக் குறையாமல் படிப்பவர் அரசின் உணவு உதவியைப் பெற வேண்டுமானால் சில விலக்குகளில் ஒன்றுக்குள் வர வேண்டும். அவற்றுள் பலரும் நம்பியிருப்பது வாரம் இருபது மணிநேர வேலை. அந்த இருபது பதினாறாகும் மாதத்தில், அந்த உணவு உதவி வந்துசேரும் லிங்க் கார்டில் பணம் நின்றுபோகலாம். இதை அறிந்த ஆலோசகர் வேண்டும் என்பதால்தான் ஒருவரிடம் ஆயிரம் பேரை ஒப்படைக்க முடியாது என்கிறேன்.

வெளியேறுகிறவர்கள் எதனால் வெளியேறுகிறார்கள் என்பதற்கு, நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில், செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஆலோசனை அலுவலகத்தின் வெளியே டோக்கன் எடுத்துக்கொண்டு நாற்பது பேர் காத்திருந்தார்கள். கிடங்கு ஒன்றின் சீருடைச் சட்டையோடு வந்திருந்த ஒருவர், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டரை மணிநேரம் காத்திருந்து உள்ளே வந்தார். அவருடைய பதிவு தடுக்கப்பட்டிருந்தது. காரணம், முந்தைய ஆண்டில் தாய்க்கு உடல்நலமில்லாமல் ஒரு செமஸ்டரைப் பாதியில் விட்டிருந்தார். செமஸ்டரின் அறுபது விழுக்காடு நாள்கள் முடியும் முன்பு ஒருவர் முழுவதுமாக விலகினால், அவருக்குத் தரப்பட்ட மத்திய அரசு உதவியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கல்லூரி அதைச் செலுத்திவிட்டு, மாணவர் பெயரில் பாக்கி எழுதிவிடும். அவர் பாக்கி இருநூறு டாலருக்கும் குறைவு. திரையில் ஒரு சிவப்புக் குறியாக மட்டுமே அது தெரிந்தது. அதை நீக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, கணக்குப் பிரிவுக்குத்தான் உண்டு, அது அடுத்த கட்டடத்தில், நான்கு மணிக்கு மூடிவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு பத்து. அவர் கோபப்படவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த செமஸ்டரில் அவர் பதிவாகவில்லை என்பதைப் பின்னர் பட்டியலில் பார்த்தேன். அவர் போனால் போகட்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அவரவர் வேலையை எல்லோரும் சரியாகவே செய்தோம். ஆகவே எத்தனை மாணவர்களின் பதிவு சிறு பாக்கிகளுக்காகத் தடுக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தொகைக்குக் கீழ் அந்தத் தடையை நீக்கலாம், மாலை ஏழு மணிக்கு அந்தச் சிவப்புக் குறியை நீக்க யாருக்காவது அதிகாரம் இருக்குமா என்று கேளுங்கள். புதிய கட்டடம் இல்லாமலே செய்யக்கூடியவை இவை.

பாடப்பிரிவுகளுக்கு வருகிறேன். மூன்றில் மிகவும் செலவு பிடிப்பது டென்டல் ஹைஜீன்தான். நோயாளிகள் வந்து அமரும் நாற்காலிகளோடு ஒரு கிளினிக்கே கல்லூரிக்குள் தேவைப்படும். பயிற்சியில் ஐந்தாறு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவில் ஆள் வேண்டும். முதல் மாணவர் அணியைச் சேர்க்கும் முன்பே அங்கீகார அமைப்பின் முதற்கட்ட ஒப்புதல் பெற்றாக வேண்டும். சுவாச சிகிச்சைக்கு மருத்துவமனைகளில் பயிற்சி இடம் வேண்டும். அந்த இடங்களுக்குப் பக்கத்து மாவட்டக் கல்லூரிகளும் போட்டியிடும். கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா, பேச்சுவார்த்தை மட்டும்தானா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் இவற்றையெல்லாம் டீன்கள் ஏற்கெனவே யோசித்திருப்பார்கள். அவர்கள் அதிகம் யோசித்திராத இடம் ஒன்று உண்டு: அந்தப் பாடப்பிரிவுகளுக்குள் நுழையும் முன் முடித்திருக்க வேண்டிய உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் வகுப்புகள். நர்சிங் கனவோடு வருகிறவர்களும், டென்டல் ஹைஜீன் கனவோடு வரப்போகிறவர்களும் நெரிசலிடுவது அந்த ஒரே வாசலில்தான். புதிய பாடப்பிரிவில் இருபது இடங்களைத் திறந்துவிட்டு, அதற்கு முந்தைய வகுப்புகளில் ஓர் இடத்தையும் கூட்டாமலும், ஆய்வகத்தை மாலையில் திறக்காமலும் விட்டால், நீளமாவது வரிசை மட்டுமே. அவ்வகுப்புகளில் கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்ற அட்டவணை இல்லாமல் சுகாதாரப் பாடப்பிரிவு எதைப் பற்றியும் பேச முடியாது.

சைபர் பாதுகாப்பைப் பற்றி எனக்குச் சற்று ஐயம் உண்டு. அத்துறையில் தொடக்கநிலை வேலைக்கே அனுபவமும் நான்காண்டுப் பட்டமும் கேட்கும் நிறுவனங்கள் பல. அப்படியென்றால் இது வேலைக்கு அனுப்பும் படிப்பா, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் படிப்பா என்பது முதலிலேயே தீர்மானமாக வேண்டும். தொழில்சார் இணைப்பட்டத்தின் (இரண்டாண்டுப் பட்டம்) கிரெடிட்டுகள் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. மாநிலம் முழுவதும் செல்லுபடியாகும் பொதுப்பாடத் தொகுதியோ 37 முதல் 41 கிரெடிட் வரைதான். நாட்டளவில் சமுதாயக் கல்லூரியில் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் நான்காண்டுப் பட்டத்தை விரும்பியே வருகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அதை அடைவோர் நூற்றுக்குச் சுமார் 16 பேர். எந்தப் பல்கலைக்கழகம், எந்தெந்தப் பாடத்தை, எந்தப் பட்டத்துக்குள் ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்கும்வரை அந்தப் பிரிவைத் தள்ளிவைக்கச் சொல்வேன்.

பன்னிரண்டு வாரச் சான்றிதழ்களைப் பற்றிய ஒரு நுட்பத்தை வரைவு தயாரித்தவர்கள் கவனித்தார்களா என்று பாருங்கள். ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகை, 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் எட்டு வாரத்துக்குக் குறையாத, பதினைந்து வாரத்துக்கு உட்பட்ட குறும்படிப்புகளுக்கும் விரிகிறது. ஆனால் படிப்பு 150 முதல் 600 மணிநேரத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாக நடந்துகொண்டிருக்க வேண்டும். 70 விழுக்காட்டினர் முடிக்கவும், 70 விழுக்காட்டினர் வேலை பெறவும் வேண்டும். மாநில ஆளுநரின் ஒப்புதலும் தேவை. அதாவது, இனிமேல் தொடங்கும் சான்றிதழுக்கு முதல் ஆண்டில் அந்த உதவி கிடைக்க வழியில்லை. முதல் அணி மாணவரின் கட்டணத்தை யார் தருவார்கள் என்ற வரி நிதிநிலையில் இல்லையென்றால், அந்த அணியில் கையில் பணமுள்ளவர்களே சேர்வார்கள். மேலும், எழுபது என்ற அந்த இரு கோடுகளையும் தாண்ட வேண்டுமானால் மாணவரைக் கைப்பிடித்து நடத்தும் ஆள் வேண்டும். எனவே இங்கே மாணவர் ஆதரவு என்பது அன்பளிப்பு அல்ல, பாடப்பிரிவின் உரிம நிபந்தனை என்றே வாதாடலாம்.

கேட்டால் தருவார்களா என்ற தயக்கம் வேண்டாம். தொழிற்கல்விக்கான மத்திய அரசின் பெர்க்கின்ஸ் நிதியைப் பெறும் கல்லூரிகள், இரண்டாண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவை மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தாக வேண்டும். வேலைவாய்ப்பு, மாணவர் தேர்ச்சி, பின்தங்குவோர் யார் என்பவை அதில் இருக்கும். வரைவை விட அது நேர்மையான ஆவணம். விளம்பரத்துக்காக எழுதப்படாததால் இருக்கலாம். டிரஸ்டிகளின் கூட்ட நிகழ்ச்சிநிரலைக் குறைந்தது 48 மணிநேரம் முன்பே வெளியிடுவதும், பொதுமக்கள் பேச இடமளிப்பதும் உங்கள் மாநிலச் சட்டப்படி கட்டாயம். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் ஐந்து வேலைநாள்களில் பதில் வர வேண்டும். ஆனால் அந்த ஆயுதத்தை முதல் நாளே உருவாதீர்கள். புள்ளிவிவர அலுவலகத்தில் இருப்பவர் பெரும்பாலும் இந்த எண்களை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர். ஒரு மரியாதையான மின்னஞ்சல் போதும்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது, உங்களிடம் இருக்குமானால், நீங்கள் படித்த ஐந்தாண்டுகளின் மதிப்பெண் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். வகுப்பு கிடைக்காமல் வீணான செமஸ்டர் எது, குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் விட்ட பாடம் எது, யாரோ சொன்ன தவறான வழிகாட்டலால் எடுத்து உதவாமல்போன கிரெடிட் எது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரைவின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்தக் குறிப்புகளில் எந்தெந்தப் பள்ளத்தை எந்தப் பக்கம் நிரப்புகிறது என்று கல்லூரியின் துணைத் தலைவரிடம் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். நிதிநிலை அட்டவணையையும் இணைத்து அனுப்பினால் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.